மோதின பிக்கப்ல சேஸிஸ் வளைஞ்சிருக்கான்னு எப்படிப் பாக்குறது?

பிக்கப்புக்கு அடியில ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், நீளமா ரெண்டு கம்பி, நடுவுல குறுக்குச் சட்டங்க, அதுதான் சேஸிஸ். கேபின், பின்னாடி இருக்குற தொட்டி, இன்ஜின் எல்லாமே இதுமேலதான் உக்காந்திருக்கு. பம்பரும் பெரும்பாலும் நேரா இதுலயே போல்ட் போட்டிருக்கறதால இடி வாங்குனா அடி உள்ள வரைக்கும் போயிடும், வெளிய லேசா நசுங்குன மாதிரிதான் தெரியும்.

கட்டில் சட்டம் கோணிக்கிட்டா எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரு கால் ஆடும்ல, அதே கதைதான் இங்கயும்.

மொதல்ல கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய பாருங்க, ஒரு பக்கம் விரல் நுழையுது இன்னொரு பக்கம் நுழையலன்னா சந்தேகப்படணும். அப்புறம் டார்ச் அடிச்சு அடியில பாருங்க, கம்பியில சுருக்கம், உரிஞ்ச பெயின்ட், புது வெல்டிங் இருந்தா விடாதீங்க (புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா எனக்கு இன்னும் பயம்). டேப் வச்சு, சேஸிஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல இருக்குற போல்ட்டுகளா பாத்து, முன் இடது போல்ட்லருந்து பின் வலது போல்ட், அப்புறம் முன் வலதுலருந்து பின் இடதுன்னு குறுக்கா அளந்தா ரெண்டும் ஒண்ணா வரணும், பல மில்லிமீட்டர் வித்தியாசம்னா சேஸிஸ அளக்குற மெஷின் இருக்குற கடைக்குத்தான் போகணும்.

வீல் அலைன்மென்ட் பண்ணா சரியாயிடும்னு நெறைய பேரு நினைக்கிறாங்க, அது சக்கரத்தோட கோணத்த மட்டும்தான் மாத்தும், வளைஞ்ச இரும்பு வளைஞ்சபடியேதான் இருக்கும்.