லினக்ஸில் ஓடுமா? வாங்கும் முன் கேட்டவர்களுக்கு

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): அண்ணா, லேப்டாப் வாங்கி உபுண்டு லினக்ஸ் மட்டும் போடப்போகிறேன். எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: கம்பெனியை விடும்மா, உள்ளே இருக்கும் சிப்பைப் பார். ஒரே மாடல் பெயரில் வரும் இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமான வைஃபை கார்டு இருக்கும். இன்டெல் கார்டுக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. மீடியாடெக் எம்டி7921 கர்னல் 5.12-லிருந்து ஓடுகிறது. பிராட்காம் என்றால் பெரும்பாலும் மூல நிரல் வெளியிடாத மூடிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். கர்னல் மாறும்போது அது மக்கர் செய்யும். கடையில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைஃபை கார்டின் ஹார்டுவேர் ஐடியைப் பார்: அதில் VEN_8086 என்று இருந்தால் இன்டெல். அனுமதித்தால் பென்டிரைவிலிருந்து, நிறுவாமலேயே ஓடும் லைவ் உபுண்டுவை ஓட்டி, சத்தம், கேமரா எல்லாம் பார்த்துவிடு. மூடியை மூடித் திறந்தால் ஒழுங்காக விழிக்கிறதா என்பதையும் மறக்காதே. பலர் அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு அப்புறம் அவதிப்படுகிறார்கள்.

கேள்வி: யூஎஸ்பி வைஃபைக்கு டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் நல்லது என்கிறார்களே?

பதில்: அந்தப் பெயர் வாங்கியது முதல் பதிப்பு. அதில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப். சிப்புக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப்புக்கு மாறிவிட்டார்கள், பெயரை மாற்றவில்லை. பெட்டியில் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஜெராக்ஸ் கடை, தென்காசி): சார், கேனன் எல்பிபி2900 இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் இணைத்து பிரிண்ட் சர்வராக ஆக்கலாமா?

பதில்: உழைக்கிற பிரிண்டர்தான், ஆனால் இந்த வேலைக்கு ஒத்துவராது. பிரிண்டர்களின் பொது மொழிகளான போஸ்ட்ஸ்கிரிப்டும் அதற்குத் தெரியாது, பிசிஎல்லும் தெரியாது. கேனனின் சொந்த மொழியான கேப்ட் மட்டும்தான். கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகை ப்ராசஸருக்கானது. பையில் இருப்பது ஆர்ம். ஆர்வலர்கள் எழுதிய திறந்த டிரைவர் ஒன்று உண்டு, முயன்று பார்க்கலாம். கடை வருமானத்தை அதை நம்பி வைக்க வேண்டாம். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இணைப்பதே உத்தமம். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது ஏர்பிரிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ், தனி டிரைவரே இல்லாமல் அச்சடித்துவிடும். ஹெச்பி பிரிண்டர் பலவற்றுக்கு அந்தக் கம்பெனியே ஹெச்பிலிப் என்ற திறந்த மென்பொருளைத் தருகிறது.

கேள்வி: லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். பயாஸில் டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி இயங்குகிறதா என்று பாருங்கள். அதைப் பொதுவான முறையான ஏஹெச்சிஐக்கு மாற்றினால் டிஸ்க் பெரும்பாலும் தெரிந்துவிடும். விண்டோஸும் வேண்டுமென்றால், மாற்றும் முன் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவியைக் குறித்துக்கொண்டு, விண்டோஸை சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது துவங்காமல் நின்றுவிடும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு, என்விடியாவா ஏஎம்டியா?

பதில்: என்விடியாவின் கணக்கீட்டுத் தளமான குடாவில் வேலை இருந்தால் என்விடியா. இல்லையென்றால் ஏஎம்டிதான், அதன் டிரைவர் கர்னலிலேயே வருகிறது. என்விடியா 2022 மே மாதம் தன் டிரைவரின் கர்னல் பகுதியைத் திறந்தது, அதுவும் ட்யூரிங் தலைமுறை கார்டுகளிலிருந்துதான். மற்ற பகுதி இன்னும் மூடியே இருக்கிறது.

கேள்வி: லினக்ஸுக்குப் பதில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் போட என்ன வாங்கலாம்?

பதில்: இன்டெல் கிராபிக்ஸும் இன்டெல் வைஃபையும் உள்ள பழைய திங்க்பேட் லேப்டாப் ஒன்று தேடி வாங்குங்கள். என்விடியா இருந்தால் வேண்டாம்.