வாசகர் கேள்வி–பதில்: கண்மாய்க்கு எந்த மேப் கார்டு?

பள்ளத்தூர் வாசகி: அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு அடுத்த மாதம் போகிறோம். அவன் மீன்பிடிப் படகில் உள்ள ஜி.பி.எஸ்.ஸுக்கு ஏரி மேப் கார்டு வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். லேக்மாஸ்டர், நேவியானிக்ஸ், சி-மேப் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எது உசத்தி?

அதற்கு முன் படகில் இருக்கும் கருவி எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேக்மாஸ்டர் கார்டு ஹம்மிங்பேர்ட் கருவியில் மட்டும்தான் ஓடும். லோரன்ஸ் கருவி என்றால் சி-மேப். பெரும்பாலான மாடல்களில் நேவியானிக்ஸும் ஓடும். கார்மின் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2017-ல் நேவியானிக்ஸை கார்மின் வாங்கிவிட்டதால் இரண்டு வகைக் கார்டுகளிலும் நேவியானிக்ஸ் என்றே போட்டிருக்கும். ஆனால் கார்மின் கருவிக்கான கார்டு வேறு, மற்ற கம்பெனிக் கருவிகளுக்கான கார்டு வேறு. பெயரை மட்டும் பார்த்து வாங்கிவந்து, ஸ்லாட்டில் போட்டுவிட்டு முழிப்பவர்கள் நிறைய. இன்னொன்று: கார்மின் ஸ்டிரைக்கர் வரிசைக் கருவிகளில் ஜி.பி.எஸ். உண்டு, ஆனால் மேப் கார்டு எதையும் அவை ஏற்காது. மகனிடம் இருப்பது ஸ்டிரைக்கராக இருந்தால் அந்தக் காசுக்கு நல்ல தூண்டில் கோல் வாங்கிக் கொடுங்கள்.

கருவி தெரிந்தபின் ஏரி. மின்னசோட்டாவில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842. எல்லா ஏரியையும் எந்தக் கம்பெனியும் ஒரே தரத்தில் அளக்கவில்லை. படகில் போய் நேரடியாக அளந்த ஏரிக்கு 1 அடிக்கு ஒரு ஆழக்கோடு (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இருக்கும்; பழைய அரசு வரைபடத்தைப் பார்த்து எடுத்துப்போட்ட ஏரிக்கு 5 அடி, 10 அடிக்கு ஒரு கோடுதான். 10 அடி இடைவெளியில் நீருக்குள் மூழ்கிய ஒரு மேடே காணாமல் போய்விடும்; மீன் நிற்பதோ அந்த மேட்டில்தான். ஒவ்வொரு கம்பெனியும் ஏரிப் பட்டியலைத் தன் தளத்தில் போட்டிருக்கிறது. மகன் வழக்கமாகப் போகும் 4, 5 ஏரிகளின் பெயரைக் கேட்டு, அவை பட்டியலில் எந்தத் தரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். கார்டு அட்டையில் அச்சடித்த மொத்த ஏரி எண்ணிக்கையை நம்பி வாங்க வேண்டாம்.

ஹம்மிங்பேர்ட் கருவியோடு மின்கோட்டா மின்மோட்டாரும் படகில் இருந்தால், யோசிக்காமல் லேக்மாஸ்டர். இரண்டும் ஒரே கம்பெனியின் பிள்ளைகள். ஐ-பைலட் லிங்க் வசதி உள்ள மோட்டார், நாம் சொல்லும் ஆழக்கோட்டைப் பிடித்துக்கொண்டு தானே படகை ஓட்டும். பழைய ஹம்மிங்பேர்ட் சில மாடல்கள் புதிய தலைமுறைக் கார்டைப் படிக்காது என்பதால் மாடல் பெயரோடு கடைசியில் வரும் ஜி2, ஜி3, ஜி4 எழுத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

காரைக்குடி வாசகர்: சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஹெலிக்ஸ் 5 ஜி2 கருவியும் லேக்மாஸ்டர் கார்டும் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊர்க் கண்மாயில் ஃபைபர் படகில் வைத்துப் போட்டால் திரை வெறுமையாகவே இருக்கிறது. கார்டு கெட்டுப்போய்விட்டதா? நம் கண்மாய்களுக்கு வேறு கார்டு கிடைக்குமா?

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் இருப்பது அமெரிக்க ஏரிகள். செட்டிநாட்டுக் கண்மாய்களின் ஆழத்தை அளந்து எவரும் விற்கவில்லை. இதற்காக இன்னொரு கார்டு வாங்குவது வீண்செலவு. உங்கள் கருவியே வரைபடம் வரையும். ஹெலிக்ஸ் 5-ல் ஜி2 முதல் ஆட்டோசார்ட் லைவ் என்ற வசதி உண்டு. படகு போகப்போக சோனார் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் பகுதி) தரும் ஆழத்தையும் ஜி.பி.எஸ். தரும் இடத்தையும் சேர்த்து ஆழக்கோடு போட்டுக்கொண்டே வரும். கருவியின் உள்நினைவில் 8 மணி நேரப் பதிவு அடங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஜீரோலைன்ஸ் என்ற தனிக் கார்டு வேண்டும், சாதாரண வெற்றுக் கார்டு போட்டால் பதிவுக்கான இடம் அதிகமாகாது. இதே வேலைக்குக் கார்மினில் குயிக்டிரா, லோரன்ஸில் ஜெனிசிஸ் லைவ். ஜெனிசிஸுக்கு மட்டும் ஸ்லாட்டில் வெற்று மைக்ரோ எஸ்.டி. கார்டு கட்டாயம். கார்டு 32 ஜி.பி.க்குள் இருக்கட்டும்; 64 ஜி.பி. கார்டுகள் வேறு முறையில் ஃபார்மட் ஆகியிருப்பதால் பல கருவிகள் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை.

8 மணி நேரம் போதுமா? 40 ஹெக்டேர் கண்மாய் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் இடைவெளியில் உழவு சால் போல வரிவரியாகப் போனால் மொத்தம் சுமார் 27 கிலோமீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மணி நேரம். தாராளமாகப் போதும். முதலில் கரையை ஒட்டி, மடைகளைத் தொட்டு ஒரு சுற்று. அங்கேதான் ஆழம் அதிகம், சரிவும் திடீரென்று வரும். உள்வாய்ப் பக்கம் தரை சமமாக ஏறுவதால் அங்கே 25 மீட்டர் இடைவெளியே போதும்.

தப்பு நடக்கும் இடம் நீர்மட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலுங்கு வழியும்போது பதிந்த வரைபடம் மாசி மாதத்தில் 1 மீட்டருக்கு மேல் பொய் சொல்லும். ஆகவே பதிவு தொடங்கும் நாளில் நீர் கலுங்குக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அன்றைக்கு நீர்மட்டத் திருத்தம் பூஜ்யம். அடுத்த முறை 60 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் மெனுவில் அந்தத் திருத்தத்தைக் கழித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி பதிய வேண்டும். கொடுக்காமல் பதிந்தால் பழைய கோடும் புதிய கோடும் பின்னிக்கொண்டு, இல்லாத குழியும் மேடும் திரையில் முளைக்கும். டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் சோனார் முனை, நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, 15 சென்டிமீட்டரோ 20-ஓ, அதையும் ஆழத் திருத்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த வில்லன் பாசி. தாமரையும் வேலம்பாசியும் அடர்ந்த இடத்தில் சோனார் பாசியின் தலையையே தரை என்று எழுதிவிடும். நீரில் மூழ்கிய சீமைக் கருவேல மரமும் அப்படித்தான். 2 மீட்டர் ஆழத்தில் சட்டென்று அரை மீட்டர் என்று காட்டினால் நம்பாமல், ஒரு மூங்கில் கழியை ஊன்றிப் பாருங்கள். அரை மீட்டருக்கும் குறைந்த நீரில் ஆழ எண் ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே பதிவை நிறுத்திவிடுவது நல்லது. மெதுவாக நகரும்போது திரையில் படகுச் சின்னம் திசை தெரியாமல் சுற்றும். அது பழுதில்லை. ஜி.பி.எஸ்.ஸுக்கு நகர்ந்தால்தான் திசை தெரியும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரி. கருவி ஏறக்குறைய 0.6 ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 5 மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். 12 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கினால் கவலை இல்லை. பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள், எத்தனை ஆம்பியர் என்று கருவியின் கையேட்டில் இருக்கும்.

படகை இறக்குமுன் மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை. ஆழக்குழியைத் தேடி ஒருவர் வரிவரியாகச் சுற்றுவதைப் பார்த்தால் அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்.

தேவகோட்டை வாசகர்: நண்பரிடம் இருக்கும் நேவியானிக்ஸ் கார்டை கம்ப்யூட்டரில் காப்பி செய்து வேறு கார்டில் போட்டால் ஓடுமா?

ஓடாது. வரைபடக் கோப்பு அந்த மூலக் கார்டோடு பூட்டப்பட்டது. ‘எல்லா நாடும் ஒரே கார்டில்’ என்று மலிவாக விற்பதையும் தொடாதீர்கள். வரைபடப் புதுப்பிப்புக்கான ஒரு வருடச் சந்தா முடிந்துவிட்டதே என்று மட்டும் பயந்திருந்தால், பயம் வேண்டாம்: புதுப்பிப்பு நின்றுபோகும், கார்டில் இருக்கும் வரைபடம் தொடர்ந்து வேலை செய்யும்.

தொண்டி வாசகர்: ஏரிக் கார்டு கடலுக்கு உதவுமா? எல்லைக்கோடு அதில் தெரியுமா?

அமெரிக்க ஏரிக் கார்டில் பாக் நீரிணை கிடையாது. இந்தியக் கடற்பகுதி அடங்கிய கடல் கார்டு தனியாகக் கிடைக்கிறது. சி-மேப், நேவியானிக்ஸ் இரண்டிலும் உண்டு. அதில் ஆழ எண்கள் தாழ்ந்த வற்று மட்டத்திலிருந்து கணக்கிட்டவை, ஆகவே சோனார் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். மீட்டரா, அடியா, பாகமா என்று அலகைப் பார்த்து வையுங்கள். 1 பாகம் 1.83 மீட்டர்.

எல்லை விஷயத்தில் கார்டில் தெரியும் கோட்டை மட்டும் நம்பிப் போக வேண்டாம். பாக் நீரிணையில் இந்திய–இலங்கைக் கடல் எல்லை 1974 ஒப்பந்தத்தில் அட்ச, தீர்க்கப் புள்ளிகளாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புள்ளிகளை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, வே-பாயின்ட்களாக (கருவியில் குறித்துவைக்கும் இடங்களாக) பதிந்து, 2 கடல் மைல் முன்னாலேயே அலாரம் அடிக்கும்படி வையுங்கள். பதியும்போது பாகை, நிமிடம், விநாடி வடிவமா, பாகை, தசம நிமிடமா என்று கருவியில் பார்த்துக்கொள்ளுங்கள். 30 விநாடி என்பதை .30 நிமிடம் என்று அடித்துவிட்டால் 370 மீட்டர் தள்ளிப் போகும். கருவியில் வாஸ் என்ற அமைப்பை (ஜி.பி.எஸ். பிழையைச் செயற்கைக்கோள் வழியாகத் திருத்துவது) ஆன் செய்து வையுங்கள். நம் ககன் செயற்கைக்கோள்களின் திருத்தமும் அதே வழியில்தான் வருகிறது.

கரைக்கு வந்ததும் ஸ்லாட் மூடியைச் சரியாக அழுத்தி மூடுங்கள். உப்புக்காற்று கார்டின் உலோகப் பற்களை அரித்துவிடும். கருவியை அணைத்த பிறகுதான் கார்டை எடுக்க வேண்டும்.