இருவர் ஓர் அணி: ஆன்லைன் கார்டு ஆட்டம் பற்றி வாசகர் கேள்வி பதில்

மன்னார் வளைகுடா உயிரினங்களை வைத்து ஆன்லைன் கார்டு ஆட்டம் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து உருவாக்குகிறோம். ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது (30 கார்டு கட்டு, 20 உயிர்ப்புள்ளி) நன்றாகவே ஓடுகிறது. இரண்டிரண்டு பேராக, அணிக்குப் பொதுவாக 30 உயிர் என்று மாற்றியதும் சில ஆட்டம் சட்டென்று முடிகிறது. மற்றதில் தன் முறைக்குக் காத்திருந்து சலித்தே ஆள் வெளியேறுகிறார். எங்கே தவறு? – வாசகர், மண்டபம்

30 உயிர் சரிதான். 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு ஆட்டத்தின் இருவர் அணி முறையிலும் தனி ஆளுக்கு 20, அணிக்கு 30 என்றுதான் கணக்கு. 40 வைத்தால், இரு பக்கமும் தடுப்பு உயிரினங்கள் இரட்டிப்பாக நிற்பதால் ஆட்டம் தேங்கிவிடும்.

கோளாறு கார்டின் வாசகத்தில் இருக்கிறது. உங்களிடம் ஒரு சொறிமீன் கார்டு, 'எதிரிகள் ஒவ்வொருவருக்கும் 3 சேதம்' என்று இருப்பதாக வையுங்கள். தனி ஆட்டத்தில் 20 உயிரைத் தீர்க்க அதை ஏழு தடவை போட வேண்டும். அணி ஆட்டத்தில் எதிரிகள் இருவர், உயிரோ ஒன்று. ஒரு கார்டுக்கு 6 போகிறது, ஐந்தே தடவையில் 30 காலி. கூட்டாளியும் அதே கார்டைப் போட்டால் ஒரே முறையில் 12! ஆகவே 'ஒவ்வொருவருக்கும்' என்று வரும் எல்லாக் கார்டையும் தேடி எடுத்து, 'எதிரணிக்கு 3' என்று மாற்றுங்கள். உயிர் ஏற்றும் கார்டுகளையும் விட்டுவிடாதீர்கள், அவையும் இதே போல் வீங்கும்.

காத்திருப்புக்கு வருவோம். நால்வரும் தனித்தனியாக 60 விநாடி எடுத்தால், ஒருவர் 180 விநாடி சும்மா உட்கார வேண்டும். அணி முழுவதற்கும் ஒரே முறை, 90 விநாடி என்று வையுங்கள். கரைவலையில் இரண்டு கயிற்றையும் சேர்ந்து இழுப்பது போல, இருவரும் 'முடிந்தது' அழுத்திய பிறகே தாக்குதல் தொடங்கட்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: இருவரும் ஒரே திருக்கையைக் குறிவைத்தால் இரண்டாவது கார்டு வீணாகும். சர்வருக்கு முதலில் வந்ததை நிறைவேற்றி, இலக்கு இல்லாமல் போன கார்டையும் அதன் செலவையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கூட்டாளிகளுக்குள்ளேயே சண்டை வரும்.

முதலில் ஆடும் அணிக்கு முதல் முறையில் கார்டு எடுக்கும் உரிமை வேண்டாம். பிறகு 200 ஆட்டம் ஓட்டிப் பாருங்கள். முதல் அணி 106 வென்றால் அது தற்செயலாக இருக்கலாம், விதியைத் தொடாதீர்கள். 120 வென்றால் கட்டாயம் திருத்த வேண்டும்.

கூட்டாளியின் கையிலுள்ள கார்டுகளைக் காட்டலாமா? – வாசகர், கீழக்கரை

தாராளமாகக் காட்டுங்கள். முந்நூற்று நான்கு சீட்டாட்டம் ஆடும்போது ஜோடிக்குச் சாடை காட்டினால் எதிரே இருப்பவர் பிடித்துவிடுவார். ஆன்லைனில் பிடிக்க ஆளில்லை. நண்பர்கள் இருவர் வாட்ஸ்அப் அழைப்பில் பேசிக்கொண்டே ஆடுவார்கள், முன்பின் தெரியாத ஜோடி ஊமையாக ஆடித் தோற்கும். எல்லோருக்கும் காட்டிவிட்டால் அந்த வித்தியாசம் பெருமளவு குறையும். கூடவே 'இதைத் தாக்கு', 'பொறு', 'நான் தடுக்கிறேன்' என்று ஐந்தாறு பொத்தான் போதும். எழுதிப் பேசும் வசதி வேண்டாம், 90 விநாடியில் தட்டச்சு செய்ய நேரமில்லை, வசைக்குத்தான் பயன்படும்.

எங்கள் பக்கம் சிக்னல் அடிக்கடி போகும். பாதியில் ஒருவர் துண்டிக்கப்பட்டால்? – வாசகர், பாம்பன்

45 விநாடி பொறுக்கலாம். அதற்குள் வராவிட்டால் அவர் கையிலுள்ள கார்டுகளையும் கூட்டாளியே ஆடட்டும், முறைக்கு 30 விநாடி கூடுதலாகக் கொடுங்கள். கை ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பதால் புதிதாக எந்த ரகசியமும் வெளியாகாது. கணினியை ஆடவிடாதீர்கள், அது நல்ல கார்டை வீணாக்கிவிடும். திரும்பி வருபவர் உடனே புகுந்தால் பாதியில் நிற்கும் தாக்குதல் குழம்பும். அடுத்த முறையின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.