கப்பலில் ‘ஃபார்மல் நைட்’ உடை: பயணிகள் விரும்புகிறார்களா? பட்டும் வேட்டியும் ஏற்கப்படுமா?

கோத்தகிரியிலிருந்து பெற்றோருடன் கப்பல் பயணம் செல்லவிருக்கும் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் பதில் கூற இயலாது. இரவு உணவுக்குக் கோட்டு, டை போன்ற முறையான உடையில் பயணிகள் வரவேண்டிய இரவே ‘ஃபார்மல் நைட்’. அப்படி உடுத்தி மகிழ்வோர் கணிசமாக இருக்கிறார்கள். குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பலில் ‘காலா’ எனப்படும் இத்தகைய இரவுகளுக்காகவே பயணச்சீட்டு எடுப்போர் உண்டு. கோட்டும் டையும் சுமையென்று கருதுவோருக்காக நார்வீஜியன் கப்பல் நிறுவனம் அக்கட்டாயத்தையே விட்டுவிட்டது; மற்ற கப்பல்களிலும் பஃபே உணவகத்தில் இயல்பான உடையில் சாப்பிடலாம்.

பட்டுப் புடவைக்கு எங்குமே தடை இராது. சென்னையில் வேட்டி அணிந்த நீதிபதி ஒருவரை கிளப் ஒன்று உள்ளே விடாததையடுத்து வேட்டி அணிந்தோரைத் தடுக்கக் கூடாதென்று 2014இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் கடலில் செல்லாது என்றாலும், தேசிய உடையைப் பல நிறுவனங்கள் மனமார ஏற்கின்றன என்பதால், அப்பாவின் பட்டு வேட்டி குறித்து முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். அவருக்குப் பழக்கமில்லாத கோட்டை வாடகைக்கு எடுப்பதைவிட அதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

நம் மலையின் ஈரத்தில் ஜரிகை கறுத்துவிடும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பே புடவையை எடுத்து, மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.