பிழை எண்ணைச் சொல்வது யார்?

கேள்வி: எங்கள் ஆரக்கிள் தரவுத்தளம் இரவுதோறும் மின்னஞ்சலில் அறிக்கைகளை அனுப்புகிறது. சில நாட்களில் ஓரா-29278, சில நாட்களில் ஓரா-29279 என்று பிழை பதிவாகிறது. பிழை வந்தால் உடனே மீண்டும் அனுப்பும்படி நிரல் எழுதியும் பயனில்லை. இவ்வெண்களின் பொருள் என்ன?

பதில்: முழுப் பிழைச் செய்தியில் இரண்டு எண்கள் இருக்கும். ஐந்திலக்க எண் ஆரக்கிள் தருவது. அதைத் தொடரும் மூன்றிலக்க எண், அஞ்சல் சேவையகம் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்புவதற்கான) நெறிமுறைப்படி அளித்த மறுமொழி. நீங்கள் முதல் எண்ணை மட்டுமே குறிப்பிட்டிருப்பதால், நிரலில் ஆரக்கிளின் பிழை எண்ணை மட்டும் தரும் எஸ்க்யூஎல்கோடு மட்டுமே பதிவாகிறது என்று கருதுகிறேன். எஸ்க்யூஎல்எர்ஆர்எம் தரும் முழு வாசகத்தையும் பதிவு செய்யுங்கள். காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது.

மூன்றிலக்க எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, 5இல் தொடங்கினால் நிலையான மறுப்பு. எஸ்எம்டிபியை வரையறுத்து 1982இல் வெளியான ஆர்எஃப்சி 821 ஆவணத்திலேயே இப்பகுப்பு உண்டு. முன்னதை ஆரக்கிள் 29278 என்றும் பின்னதை 29279 என்றும் அறிவிக்கிறது. ஆகவே 29278 வந்தால் சில நிமிட இடைவெளி விட்டு மீண்டும் அனுப்பிப் பார்க்கலாம். 29279க்கு அது தீர்வாகாது. 535 என்றால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. 550 என்றால் பெரும்பாலும் பெறுநர் முகவரி இல்லை, அல்லது சேவையகம் தன் விதிப்படி அஞ்சலை மறுத்துவிட்டது. இவற்றைத் திருத்தாமல் திரும்பத் திரும்ப அனுப்புவது, உங்கள் சேவையகத்தின் மீது மற்ற சேவையகங்கள் வைத்திருக்கும் நம்பகத்தையே குறைக்கக்கூடும் என்பதால், அந்த மறுமுயற்சியை உடனே நீக்கிவிடுங்கள்.

421 என்ற எண்ணில் மட்டும் தனிக்கவனம் தேவை. அஞ்சல் சேவையகத்துடன் இணைப்பே கிடைக்காதபோதும் ஆரக்கிளில் அஞ்சல் அனுப்பப் பயன்படும் யூடிஎல்_எஸ்எம்டிபி தொகுப்பு தானாகவே 421 என்று சொல்லும். அப்போது அந்தச் சேவையகத்தின் பதிவேட்டில் உங்கள் முயற்சியின் சுவடே இருக்காது. சேவையகப் பெயர், போர்ட் எண் (25 அல்லது 587), ஃபயர்வால் ஆகியவற்றைச் சரிபாருங்கள். இச்சோதனையை உங்கள் மேசைக் கணினியிலிருந்து செய்யாமல், தரவுத்தளம் இயங்கும் கணினியிலிருந்தே செய்ய வேண்டும். ஏனெனில் இணைப்பு புறப்படுவது அங்கிருந்துதான்.

ஓரா-24247 வந்தால், அஞ்சல் சேவையகத்துக்கு அதில் பங்கில்லை. 11ஜி பதிப்பு முதல், வெளி இணைப்புக்கான அனுமதியை அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் தரவுத்தள நிர்வாகி வழங்கியாக வேண்டும்.

பிழையே வராத நாளிலும் 250 என்ற மறுமொழி, சேவையகம் அஞ்சலை ஏற்றுக்கொண்டதை மட்டுமே குறிக்கும். பிறகு நேரும் தோல்வி அனுப்புநர் முகவரிக்கே திரும்பி வரும் என்பதால், அந்த முகவரியின் அஞ்சல்பெட்டியை யாரேனும் தவறாமல் பார்த்துவர வேண்டும்.