மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு கை வீங்குகிறதா?

கேள்வி: வயது 54. மூன்று வருடங்களுக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் முடிந்து இப்போது லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக இடது கை கனக்கிறது, ஜாக்கெட் கை இறுக்குகிறது. காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. நோய் திரும்பிவிட்டதா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கை கனப்பதும் விரல் மடங்காததும் சேர்ந்து வந்திருந்தாலும், இரண்டுக்கும் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நெறிக்கட்டிகளை எடுத்தபின் கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறைகிறது. ரேடியேஷன் அதை இன்னும் சுருக்கும். தேங்கும் நீர்தான் வீக்கம். ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் வரலாம். முழங்கைக்கு மேலும் கீழும், இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில், இன்ச் டேப்பால் அளந்து பாருங்கள். 2 செ.மீ. வித்தியாசம் இருந்தால் வீக்கம்தான். இல்லாவிட்டாலும் கனம் இருக்கிறதே, அதுவே போதும், இந்த வாரமே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கையைக் காட்டுங்கள். அக்குளில் மறுபடி கட்டி இருக்கிறதா, ரத்தக்குழாயில் அடைப்பா என்று அவர் முதலில் பார்ப்பார். ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். தள்ளிப்போட்டால் தோல் தடித்துப்போகும், பிறகு குறைப்பது கஷ்டம்.

மெடிக்கலில் நீர் மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் உண்டு. இந்த வீக்கத்துக்கு அது உதவாது. எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவவும் வேண்டாம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் மென்மையாக நீவி விடுவார், பிறகு அளவெடுத்து, கையில் இறுக்கமாகப் போட்டுக்கொள்ளும் அழுத்த உறை தருவார். கையை ஓய்விலேயே வைக்காமல், அவர் சொல்லும் பயிற்சிகளைச் செய்யுங்கள். காய் நறுக்கும்போது சின்னக் கீறல் விழுந்தாலும் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடாகி காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி, ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

விரல் இறுக்கம் பெரும்பாலும் லெட்ரோசோலின் வேலை. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும்போது மூட்டும் வலிக்கும், எலும்பும் தேயும். ஆனால் நோய் திரும்பாமல் காப்பதும் இதே மாத்திரைதான். தினமும் நடந்தால் பலருக்கு வலி தணிகிறது. தாங்க முடியாவிட்டால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் அதையும், கால்சியம், வைட்டமின் டி பற்றியும் அப்போதே கேளுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். சில கீமோ மருந்துகளும் இடது பக்க ரேடியேஷனும் வருடங்கள் கழித்து இதயத்தைத் தொடக்கூடும். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.