கடை வழக்கைப் பார்க்கும் வக்கீல் பங்குதாரராகச் சேரலாமா?

தாராவியில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கடை வழக்கை நடத்தும் வக்கீலே பணம் போட்டுக் கூட்டுச் சேரலாமா என்று கேட்டிருக்கிறார்.

பணம் போடலாம், கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கக் கூடாது. வக்கீல்களுக்கு நடத்தை விதிகள் வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 47ஆம் விதி அப்படி. அந்தக் கடைத் தொழில் வக்கீலின் கௌரவத்துக்கு ஒவ்வாதது என்று மாநில பார் கவுன்சில் கருதாமலும் இருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் 9ஆம் விதியில் இருக்கிறது. தன் பணம் சம்பந்தப்பட்ட வழக்கில் வக்கீல் ஆஜராகக் கூடாது. பங்கு வாங்கிவிட்டால் உங்கள் கடை வழக்கு அவர் வழக்கும்தானே? வேறு வக்கீலை வைத்துவிடுங்கள்.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்தவர் தன்னோடு கூட்டுச் சேர்ந்த வக்கீலிடமே கூட்டுப் பத்திரத்தையும் எழுதி வாங்கினார். பிரியும்போது யாருக்கு எவ்வளவு என்ற வரியே அதில் இல்லை. உங்கள் பத்திரத்தை வெளி வக்கீல் ஒருவர் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், அண்ணாச்சி.